நடுக்கமும் நாற்பத்தெட்டு மணி நேரமும்

மலேசியாவின் சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டங்களில், விடியுமுன் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் புறப்பட வேண்டிய ஒருவர், இரண்டு கம்பளிகளைப் போர்த்தியும் பற்கள் கிட்டிக்க நடுங்கிக் கிடந்தால், "குளிர்க்காய்ச்சல்தான், மூடிப் படுத்தால் போய்விடும்" என்று வீட்டார் தேற்றுவது வழக்கம். ஆனால் அவருடைய சரீரம் அப்போது குளிர்ந்துகொண்டிருக்கவில்லை. தன் பலத்தையெல்லாம் செலவிட்டு உஷ்ணத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, தேக உஷ்ணத்தைச் சுமார் 37 பாகை செல்சியஸில் நிறுத்திவைக்கிறது. நோய்க்கிருமிகளால் பிறக்கும் ரசாயனங்கள் அந்த அளவை 39, 40 என உயர்த்திவிடவே, இயல்பான உஷ்ணமும் மூளைக்குக் குறைவாகத் தோன்ற, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிட்டு, தசைகள் யாதொரு காரியமும் ஆற்றாமல் விட்டுவிட்டுத் துடித்து, அந்த வீணுழைப்பு முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. பச்சிளங்குழந்தைகளோ பெரும்பாலும் நடுங்குவதில்லை. பழுப்புக் கொழுப்பை எரித்தே சூடு பெறுகின்றன. ஆதலால் குழந்தை நடுங்கவில்லையே என்று ஆறுதல் கொள்வது அபாயம்.

மலேரியாவின் அறிகுறியான இந்த நடுக்கத்துக்கும் தோட்டங்களுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் காட்டை வெட்டுவித்தபோது மலேரியா தணிந்தது. மலைச்சரிவுத் தோட்டங்களிலோ, காடழிந்து வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் வேறொரு ஜாதிக் கொசு பெருகி, நோய் மிகுந்தது. மரம் நட்ட லாபம் ஒருவர்க்கும், நடுக்கம் கப்பலேறி வந்த தமிழர்க்குமாகப் பங்கு பிரிந்தது.

மனிதரிடையே பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகக் காணப்படவில்லை எனினும், குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் நோலெசி மலேரியா ஒழியவில்லை. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால், ஒருநாள் தாமதமும் பெருந்தாமதமே. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் நடுக்கத்தோடு தொடங்கும். பாரசிட்டமால் சூட்டைத் தணிக்குமேயன்றி இக்கிருமிகளைக் கொல்லாது. இரத்தம் சோதிக்கப்பட வேண்டும். காட்டோரம் வேலை செய்வதை டாக்டரிடம் நாமே சொல்ல வேண்டும்.

"ஒருநாள் சம்பளம் போய்விடுமே" என்னும் அச்சமே பலரைக் கிளினிக்குக்குப் போகவொட்டாமல் தடுப்பது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றளித்த நோய்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு: இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18, அதற்கு மேல் 22, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. இந்த உரிமை ஒரு நிபந்தனையால் கைநழுவக்கூடும்: விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தகவல் சொல்லவோ சொல்ல முயலவோ செய்யாவிடில், தொழிலாளி அனுமதியின்றி வேலைக்கு வராதவராகவே கருதப்படுவார். சம்பளம் பிடிக்கப்பட்டால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம்.

நடுங்குகிறவரால் நடக்க முடியாது. எம்.சி. எனப்படும் டாக்டர் சான்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆபீசுக்குப் போக வேண்டியவர் வீட்டிலுள்ள மற்றொருவரே.