பத்து நாளில் பத்து கிலோவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

"பத்தே நாளில் பத்து கிலோ குறையும். பத்தியம் வேண்டாம், உடற்பயிற்சியும் வேண்டாம்." இப்படி ஒரு விளம்பரம் வந்தால், பணம் கட்டும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். பத்து நாளில் பத்து கிலோ என்றால், தினமும் 7,700. சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு ஒரு நாளில் செலவாவதோ சுமார் 2,000 முதல் 2,500 வரைதான். ஒரு பருக்கைகூடத் தொடாமல் பட்டினி கிடந்தாலும் கணக்கு இடிக்கும்.

அப்படியானால் எடை மெஷினில் முள் இறங்குகிறதே? இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். சோற்றைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தும் அதோடு சேர்ந்த நீரும் முதல் வாரத்திலேயே போய்விடும். இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட்டும் இதே வித்தைதான். 'ஸ்லிம்மிங் டீ' பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் 'சென்னா' என்று இருக்கிறதா பாருங்கள். நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளையும் நிலாவாரைதான் அது, பேதிக்குக் கொடுப்பது. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் உறிஞ்சிக்கொண்ட பிறகு, பெருங்குடலில் வேலை செய்யும். வயிறு காலியாகும், கொழுப்பு அசையாது.

இதைவிட ஆபத்தானது, சொல்லாமல் கலக்கும் மருந்து. 'முழுக்க மூலிகை' என்று விற்ற மாத்திரைகளில் பசியை அடக்கும் சிபுட்ரமின் இருந்ததை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்ட மருந்து அது. பொடியோ மாத்திரையோ சாப்பிட ஆரம்பித்ததும் பசியே எடுக்காமல் நெஞ்சு படபடத்தால், உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுத் தொழிலுக்கான உரிமம். எடை குறையும் என்பதற்குச் சான்று அல்ல. உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது (யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை). எடை குறைக்கும் ஊசிகள் இப்போது வந்திருப்பது உண்மைதான். ஆனால் அவை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதவை. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு விற்பவரை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தமிழிலேயே புகார் சொல்லலாம்.