குளூட்டன் இல்லாத பேகல்: 4 துண்டுக்கு 450 ரூபாய் கொடுக்கலாமா?

மாத பட்ஜெட் வீடியோ போட்டதும் நிறைய பேர் உங்க செலவு ஷீட்டை அனுப்பினீங்க. அதுல ஒண்ணு காலடிப்பேட்டையில எங்க பக்கத்துத் தெரு தம்பியோடது. வயசு 26, கையில வர்ற சம்பளம் 38,000. வாடகை இல்ல, பைக் லோன் இல்ல. ஆனா ஒரு வரி கண்ணை உறுத்துச்சு: "குளூட்டன் ஃப்ரீ பேகல் – 3,150". கீழயே கேள்வி: "அண்ணா, இதை வெட்டிடலாமா?"

வழக்கமா இந்த மாதிரி செலவைப் பார்த்தா, எஸ்ஐபி-ல போட்டா பத்து வருஷத்துல எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டு பயமுறுத்துவோம். இந்தத் தடவை அதைச் செய்யல. ஏன்னா தம்பிக்கு சீலியாக் நோய். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ரெண்டுலயும் உறுதியாயிடுச்சு.

கோதுமை, பார்லி, ரை இந்த மூணுலயும் குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. சீலியாக் உள்ளவங்க அதைச் சாப்பிட்டா, உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. (ரை-ங்கிறதை சிலர் கம்புன்னு மொழிபெயர்க்கிறாங்க. அது வேற தானியம். நம்ம கம்புல குளூட்டன் இல்ல, பயப்படாதீங்க.)

ஆனா ரீல்ஸ் பார்த்துட்டு "வயிறு உப்புசமா இருக்கு, கோதுமையை நிறுத்திட்டேன்"னு சொல்றவங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க. 2016-ல வெளியான ஒரு ஆய்வுல, வட இந்தியாவுல நூத்துல 1.23 பேருக்கு இருந்த சீலியாக், தென்னிந்தியாவுல 0.10 பேருக்குத்தான் இருந்துச்சு. அதாவது ஆயிரத்துல ஒருத்தர். இன்னொரு முக்கியமான விஷயம், கோதுமையை நிறுத்திட்டு டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் தப்பா வரலாம். தம்பி அப்படித்தான் அவசரப்பட்டு நிறுத்தினார். அப்புறம் டெஸ்டுக்காகவே சில வாரம் திரும்ப சப்பாத்தி சாப்பிட வேண்டியதாச்சு. அந்த வாரங்கள்ல பட்ட அவஸ்தையும் போட்ட லீவும் எந்த ஷீட்லயும் வராது.

சரி, பேகல் ஏன்? காலடிப்பேட்டையில மெட்ரோ ஏறி கிண்டியில இறங்குறார். ஆபீஸ்ல டீமோட காலை டிபன் அதுதான். பேகல்ங்கிறது நடுவுல ஓட்டை வச்ச ரொட்டி, போலந்து யூதர்கள்கிட்ட இருந்து வந்தது. சுடுறதுக்கு முன்னாடி கொதிக்கிற தண்ணியில போட்டு எடுப்பாங்க. அந்த இழுவையான மெல்லல் வர்றதே குளூட்டனாலதான். அதனாலதான் அது இல்லாம செய்யறது கஷ்டம், விலையும் ஜாஸ்தி. தம்பி ஆன்லைன்ல 4 துண்டு பாக்கெட் 450 ரூபாய்னு மாசம் 7 வாங்குறார்.

வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாருங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி "குளூட்டன் ஃப்ரீ"ன்னு போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது. "லோ குளூட்டன்"னா 20-ல இருந்து 100 வரைக்கும் இருக்கலாம். சீலியாக் உள்ளவங்களுக்கு அது சரிப்படாது. "மைதா இல்லை", "மல்டிகிரெய்ன்" இதுக்கெல்லாம் அர்த்தமே வேற.

நாங்க வீட்டு ஓடிஜி-ல செஞ்சு பார்த்தோம். ரெண்டு தடவை சொதப்பல், ஒண்ணு கல்லு, ஒண்ணு களி. மூணாவது தேறுச்சு. அரிசி மாவு 150 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், ஈஸ்ட் ஒரு ஸ்பூன், உப்பு, அப்புறம் ஹீரோவே இசப்கோல் உமி 20 கிராம். மெடிக்கல் ஷாப்ல மலச்சிக்கலுக்குத் தர்றாங்களே, அதேதான். குளூட்டன் செய்ற ஒட்டுற வேலையை அது செய்யும். வெதுவெதுப்பான தண்ணியில பிசைஞ்சு, ஊறவிட்டு, வளையமா பிடிச்சு, வெல்லம் கலந்த கொதி தண்ணியில பக்கத்துக்கு அரை நிமிஷம், அப்புறம் 200 டிகிரியில 25 நிமிஷம். ஆறு துண்டுக்கு எங்களுக்கு ஆன செலவு சுமார் 75 ரூபாய். கடை சரக்கு அளவுக்கு மெத்துன்னு இல்ல, அன்னைக்கே சாப்பிட்டுடணும். காலடிப்பேட்டையே 1717-ல இருந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த ஜோசப் காலெட் பேர்ல வந்த "காலெட் பேட்டை"தானே! வெளியூர் சரக்கை நம்ம வாய்க்கு மாத்திக்கிறது நமக்குப் புதுசில்ல.

மாவு விஷயத்துல உஷார். தெரு முனை மாவு மிஷின்ல கோதுமை அரைச்ச கையோட உங்க அரிசியைப் போட்டா மிச்சு கோதுமை கலந்துடும். வீட்டு மிக்ஸியில அரைங்க, இல்ல குளூட்டன் ஃப்ரீன்னு போட்ட பாக்கெட் வாங்குங்க. பெருங்காயம்? கூட்டுப் பெருங்காயத்துல பல பிராண்ட்ல மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறாங்க. லேபிளைப் படிங்க, அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்குது. தம்பி 450 ரூபாய் பேகல் சாப்பிட்டும் வயிறு சரியாகாததுக்குக் காரணம் வீட்டு சாம்பார்ல இருந்த பெருங்காயம்! மால்ட் பானங்கள், சோயா சாஸ், ரவை, சேமியா, பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ எல்லாம் அவருக்கு அவுட்.

பாக்கி எல்லாம் நம்ம ஊர்லயே இருக்கு. இட்லி, இடியாப்பம், ஆப்பம், ராகி அடை. ரேஷன்ல அரிசி 2011-ல இருந்து இலவசம்.

வரிச்சலுகை கிடைக்குமா? கனடாவுல சீலியாக் நோயாளிகள், சாதாரண ரொட்டிக்கும் குளூட்டன் ஃப்ரீ ரொட்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மருத்துவச் செலவா காட்டலாம். நம்ம நாட்டுல அப்படி எதுவும் இல்ல. 80டி-ன்னு நாம பழகின பிரிவுல முன்தடுப்பு செக்கப்புக்கு 5,000 வரைக்கும் காட்டலாம், அதுவும் பழைய வரி முறையில மட்டும். 80டிடிபி நோய்ப் பட்டியல்ல சீலியாக் கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஹெல்த் இன்ஷூரன்ஸ். தம்பிக்கு கம்பெனி குரூப் பாலிசி மட்டும்தான், வேலை மாறினா அது போயிடும். சொந்தமா எடுக்கும்போது சீலியாக்கை மறைக்காம படிவத்துல எழுதச் சொல்லியிருக்கேன். 2024 விதிப்படி ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். மறைச்சா, பின்னாடி கிளைம் நிராகரிக்கப்படலாம். 26 வயசுல ஆரம்பிச்சா 29-ல அந்தக் காலம் முடிஞ்சிடும்.

இப்போ ஷீட்ல அந்த வரி 900-க்குள்ள வந்துடுச்சு. மிச்சத்துல பாலிசி பிரீமியம். மாசம் ஒரு பாக்கெட் மட்டும் கடையில வாங்குறார், டீமோட உட்கார்ந்து சாப்பிட. அந்த 450-ஐ நான் தொடல.