சொல்லாமல் விட்டதன் விலை

2024 அக்டோபரில் சி மொழிக்குப் புதிய தர ஆவணம் வந்தது. முழுப் பெயர் ஐஎஸ்ஓ/ஐஇசி 9899:2024. புரோகிராமர்கள் வாயில் சி23. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இதை விற்கிறது. விலை 200 சுவிஸ் பிராங்குக்கு மேல். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கைக்கு வருவது ஒரு பிடிஎஃப் கோப்பு. அதைப் பக்கத்து மேசைக்காரருக்கு நகலெடுத்துக் கொடுக்கவும் உரிமம் இடம் தராது. அதே மாதம் வெளியான சி++ ஆவணத்துக்கும் ஏறக்குறைய இதே விலைதான்.

பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி பாடநூலின் இந்தியப் பதிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கல்லூரியில் சி படித்தவர்களில் பெரும்பாலோர் தர ஆவணத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்கு வேலையும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் இந்த இருபதாயிரம் எதற்கு? பதில், எழுதிய புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் இருக்கிறது.

ஒரு முழு எண்ணோடு 100-ஐக் கூட்ட வேண்டும். எண் ஏற்கெனவே உச்ச வரம்பை ஒட்டி நின்றால் கூட்டல் வழிந்துவிடும். அந்தப் பயத்தில் புரோகிராமர் ஒரு சோதனை வைக்கிறார்: கூட்டி வந்த விடை பழைய எண்ணைவிடப் பெரியதா? பொறுப்பான வேலைதான். ஆனால் வேகத்துக்காகச் செப்பனிடும்போது ஜிசிசி கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிவிடும். 2007-இல் இது ஜிசிசியின் பிழைப் பட்டியலில் புகாராகப் பதிவானது. காரசாரமான வாக்குவாதம் நடந்தது. முடிவில், இது பிழையே அல்ல என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள்.

கம்பைலரின் பக்கத்து நியாயம் இது. குறியுள்ள முழு எண், அதாவது எதிர்மமாகவும் இருக்கக்கூடிய எண், வழிந்தால் என்ன ஆகும் என்பது வரையறுக்கப்படவில்லை என்கிறது தர ஆவணம். வரையறை இல்லாத இடத்துக்குப் புரோகிராமர் போகவே மாட்டார் என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. வழியவே வழியாது என்றால், 100 கூட்டிய எண் எப்போதும் பெரியதுதான். எப்போதும் உண்மையாக இருப்பதை எதற்காகச் சோதிக்க வேண்டும்? கம்பைலர் சொன்ன சொல் தவறுவதில்லை. சொல்லாத இடத்தை வாக்குறுதியாக மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். சி மொழியில் இதைவிட அழகான, இதைவிட ஆபத்தான பொறிமுறை வேறில்லை.

இது பாடப்புத்தகக் கற்பனையும் அல்ல. 2009-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், ‘டன்’ என்ற மெய்நிகர் வலையிணைப்பு டிரைவரில் நடந்ததைப் பாருங்கள். ஒரு சுட்டியைப் பயன்படுத்தி அது காட்டும் இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டார்கள். சில வரி தள்ளி, அந்தச் சுட்டி எதையும் காட்டாத வெற்றுச் சுட்டியா என்று சோதித்து, ஆமெனில் பிழை சொல்லித் திரும்பு என்று எழுதியிருந்தார்கள். வரிசை முன்பின்னாகிவிட்டது. வெற்றுச் சுட்டியைப் பயன்படுத்தினால் நடப்பதற்கு வரையறை இல்லை. ஆகவே முதல் வரியைக் கண்டதுமே கம்பைலர், இது வெற்றுச் சுட்டியாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிப் பின்னால் வந்த சோதனையை நீக்கிவிட்டது. மூலக் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்குச் சோதனை கண்ணெதிரே இருக்கும். ஓடும் கெர்னலில் அது இல்லை. அந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று அந்த ஜூலையில் செய்து காட்டப்பட்டது. அதன்பின் கெர்னலைக் கம்பைல் செய்யும்போது, வெற்றுச் சுட்டிச் சோதனைகளை நீக்காதே என்று ஜிசிசிக்குத் தனியாகச் சொல்லிவைத்தார்கள்.

இனி விலைக்கும் இதற்கும் உள்ள தொடர்புக்கு வரலாம். வரையறையற்ற நிலை எப்படியெல்லாம் உண்டாகும் என்பதைத் தர ஆவணம் தன் நான்காம் பிரிவில் சொல்லிவிடுகிறது. கட்டாயம் என்று விதித்ததில் சிலவற்றை மீறுவது ஒரு வழி. வரையறை இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருப்பது இன்னொரு வழி. மூன்றாவது வழி, அதைப் பற்றி எதுவுமே சொல்லாமல் விட்டுவிடுவது. மூன்றுக்கும் எடை ஒன்றே என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. சி11 பதிப்பில் ஏறத்தாழ 200 இனங்கள்; காலியாக இல்லாத மூலக் கோப்பு புதுவரிக் குறியோடு முடியாவிட்டால்கூட வரையறை இல்லை என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அந்தப் பின்னிணைப்பு தகவலுக்காக மட்டுமே. கட்டுப்படுத்தும் விதி அல்ல.

ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது என்று காட்ட ஒரு பக்கத்தை மேற்கோள் காட்டினால் போதும். சொல்லப்படவில்லை என்று உறுதிசெய்ய அத்தனை பக்கமும் வேண்டும்.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சொத்தின் மேல் அடமானம் இருந்தால் அதைக் காட்ட ஒரு பதிவு போதும். வில்லங்கம் இல்லை என்று சான்று தர வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடப் பதிவுகளையும் விடாமல் தேட வேண்டும். நடுவில் ஒரு வருடம் விடுபட்டாலும் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. தெரிந்தவர் சொன்னார், தரகர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பாடநூலும் யூடியூப் வகுப்பும் சி மொழியில் அந்தத் தரகர் இடத்தில்தான் இருக்கின்றன. விற்கிறவர் பதிவேட்டை வரிக்கு வரி படித்திருக்கிறார், வாங்குகிறவர் கதவுக்கு வெளியே நிற்கிறார் என்றால் பேரம் எப்படி இருக்கும்? கம்பைலர் எழுதுபவருக்கும் புரோகிராம் எழுதுபவருக்கும் நடுவே நிற்பது அந்தக் கதவு.

வரலாறு சுருக்கம்தான். 1978-இல் வந்த கெர்னிகன், ரிச்சி நூலே முதலில் சட்டமாக இருந்தது. 1983-இல் அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சி ஒரு குழுவை அமைத்தது. 1989-இல் தர ஆவணம் ஏற்கப்பட்டு, 1990-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அதன்பின் ஹெர்பர்ட் ஷில்ட் என்ற எழுத்தாளர் ஒரு பக்கம் தர ஆவணம், எதிர்ப்பக்கம் தன் உரை என்று ஒரு புத்தகம் போட்டார். உரையோடு சேர்ந்த புத்தகம் வெறும் ஆவணத்தைவிட மலிவாக இருந்ததால் பலரும் அதையே வாங்கினார்கள். அதில் ஆவணத்தின் ஒரு பக்கம் அச்சில் தவறிப்போனது. மௌனமே விதியாகும் ஒரு நூலில் ஒரு பக்கம் காணாமல் போவது சாதாரண அச்சுப்பிழை அல்ல. பின்னாளில் ஆன்சியே 1998-இன் சி++ ஆவணத்தையும் 1999-இன் சி ஆவணத்தையும் பிடிஎஃப்பாக 18 டாலருக்கு விற்றது. ஜெனீவா பல மடங்கு விலை கேட்ட அதே வாசகம்தான்.

அப்படியென்றால் உலகமே இருபதாயிரம் கொடுத்து வாங்குகிறதா? இல்லை. ஐஎஸ்ஓ இறுதி வாசகத்தைப் பொதுவில் வைக்க விடாது. ஆனால் சி மொழியின் குழு வரைவுகளைத் தன் தளத்தில் திறந்தே வைக்கிறது. சி11-க்கு என்1570 என்று எண்ணிட்ட வரைவு. சி23-இன் இறுதி வாசகம் கடவுச்சொல்லுக்குள் போனதும், அதற்கு அடுத்த பதிப்பின் முதல் வரைவு என்3220 என்ற எண்ணில் வெளியே வந்தது. அடுத்த பதிப்பு முந்தைய பதிப்பின் வாசகத்திலிருந்துதானே தொடங்க வேண்டும்? அதனால் விற்பனைக்கு வந்த ஆவணத்துக்கும் அதற்கும் வேறுபாடு சொற்பம். சி++ குழு இன்னும் ஒரு படி மேல். 2,000 பக்கத்தைத் தாண்டிய தன் வரைவின் மூலக் கோப்புகளையே கிட்ஹப்பில் போட்டுவைத்திருக்கிறது. பத்திர எழுத்தர் தட்டச்சு செய்து கொடுக்கும் வரைவுப் பத்திரம் போன்றது இது: எல்லைகளும் அளவுகளும் அதே, முத்திரையும் பதிவு எண்ணும் மட்டும் இல்லை. கம்பைலர் எழுதுபவர்கள்கூட அன்றாடம் மேற்கோள் காட்டுவது இந்த வரைவு எண்களைத்தான்.

சி23 வந்ததை ஒட்டிப் பரவிய உற்சாகத்தையும் கொஞ்சம் தணித்துக்கொள்ள வேண்டும். எதிர்ம எண்களை இரண்டின் நிரப்பி முறையில்தான் வைக்க வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. வழிதல் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும், தீரவில்லை. குறியுள்ள எண் வழிந்தால் இன்றும் வரையறை கிடையாது. ஆவணத்தின் முழு வாசகம் கையில் இருப்பவருக்குத்தான் இது தெரியும். புதுமைப் பட்டியலை மட்டும் படித்தவர் ஏமாந்துபோவார்.

விற்பவர் தரப்பிலும் வாதம் உண்டு. செயலகம், பதிப்புப் பணி, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். உறுப்பு நாடுகளின் சந்தாவும் ஆவண விற்பனையும்தான் வருமானம். இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்களின் கையை எதிர்பார்க்க நேரும் என்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் வாசகத்தை எழுதிய நிபுணர்களுக்கு ஐஎஸ்ஓ ஊதியம் தருவதில்லை. அவர்களுடைய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும்தான் செலவைத் தாங்குகின்றன. தவிர, வேறு வழிகள் கண்முன்னே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் தர ஆவணமான எக்மா-262 இலவசம்; அதை வெளியிடும் எக்மா அமைப்பும் ஜெனீவாவில்தான் இருக்கிறது. அடா மொழியின் கையேடு ஐஎஸ்ஓ தரமாக இருந்தும் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கியிருக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 10646-ஐ ஐஎஸ்ஓவே காசில்லாமல் தருகிறது. ஆகவே முடியாத காரியமில்லை. மனம் வைத்த இடங்களில் நடந்திருக்கிறது.

மனம் வைக்காத இடத்தில் நீதிமன்றம் தலையிட்டதும் உண்டு. 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், பொம்மைப் பாதுகாப்பு பற்றிய தரங்கள் ஐரோப்பியச் சட்டத்தின் பகுதியாகிவிட்டதால் மக்கள் அவற்றைப் பார்க்க வழிவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சி மொழி எந்த நாட்டிலும் சட்டம் அல்ல. எனவே அந்தத் தீர்ப்பு இங்கே எட்டாது.

சி படிப்பவருக்கு வரைவு என்ற பக்கவாட்டு வாசலாவது இருக்கிறது. எஸ்க்யூஎல் படிப்பவருக்கு அதுவும் இல்லை. வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை தரவுத்தளங்களோடு பேசும் அந்த மொழியின் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 9075, 2023 பதிப்பில் 11 பகுதிகளாக வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி விலை. முழுவதும் வேண்டுமென்றால் ஆயிரம் பிராங்கையும் தாண்டும். அதன் குழு வரைவுகளைப் பொதுவில் வைக்கும் வழக்கமில்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற இலவசத் தரவுத்தளங்களை உருவாக்குபவர்கள் தங்கள் கையேட்டில் எது தரத்தோடு ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலைச் சரிபார்க்க விரும்பும் மாணவருக்கு இணையத்தில் எளிதாகக் கிடைப்பது 1992-ஆம் ஆண்டின் வரைவு ஒன்று.