செவிலியர் அறையில் கேட்கும் ஆங்கிலம்

சென்ற மாதம் எங்கள் கருத்துப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. உள்நோயாளியாக இருந்த பெரியவர் ஒருவரின் மகன் எழுதியது. செவிலியர் ஓய்வறையில் பிள்ளைகள் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் ஆங்கிலத் தொடர் பார்க்கிறார்கள், நோயாளியைக் கவனிக்க வேண்டிய நேரம் இதுதானா என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. அவர்கள் பார்ப்பது உண்மை. பார்க்கச் சொன்னவர்கள் நாங்கள். அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

உங்களோடு நாங்கள் தமிழில் பேசுகிறோம். ஆனால் மருத்துவரும் செவிலியரும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் மருந்தின் பெயர், அளவு, ஆய்வக முடிவு ஆகியவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த செவிலியர் பலர் ஆங்கிலத்தைப் பிழையின்றிப் படிப்பர், எழுதுவர். காது மட்டும் பின்தங்கி நிற்கும். அது அவர்கள் குறையன்று. பள்ளியில் ஆங்கிலத்தைக் கண்ணுக்குக் கற்பித்தோமே தவிர, காதுக்குக் கற்பிக்கவில்லை.

இதன் விளைவை ஓர் இரவில் நேரில் கண்டோம். இரவுப் பணியில் இருந்த மருத்துவர் வேறு மாநிலத்தவர். சர்க்கரை மிகுந்திருந்த ஒரு நோயாளிக்கு 15 அலகு இன்சுலின் போடுமாறு தொலைபேசியில் சொன்னார். செவிலியர் காதில் விழுந்தது 50. நல்லவேளையாக, எங்கள் நடைமுறைப்படி எழுதியதை அவர் திருப்பிப் படித்தார்: "ஃபைவ், ஜீரோ". மறுமுனையில் மருத்துவர் பதறிப்போய்த் திருத்தினார். ஊசி போடப்படவில்லை. போடப்பட்டிருந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து, நோயாளி நினைவிழந்திருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கலாம்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ஆகிய இரண்டையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் அழுத்தமே. 15-ஐச் சொல்லும்போது குரல் பின்பகுதியில் அழுந்தும். 50-ஐச் சொல்லும்போது முன்பகுதியில். இறுதியில் வரும் மெல்லிய 'ன்' தொலைபேசி இரைச்சலில் எளிதில் மறைந்துவிடும். தமிழில் இத்தகைய அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நம் காது அதைத் தேடுவதுமில்லை. மேலும், ஆங்கிலம் அழுத்தமில்லாத அசைகளை விழுங்கிவிடும். 'கேன்' என்பது பேச்சின் நடுவே 'க்ன்' என்றாகிவிடும். 'கான்ட்' என்பதன் இறுதி 'ட்' சில வேளைகளில் கேட்பதே இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் நோயாளி உண்ணலாமா, கூடாதா என்பது அந்த ஓர் எழுத்தில் தங்கியிருக்கிறது.

காதைப் பழக்க முடியுமா? முடியும். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் கூச்சலில் வியாபாரி விலையைத் தவறாமல் பிடித்துக்கொள்கிறார். ஓடும் பேருந்தில் கொடைக்கானல் பண்பலை அரைகுறையாகக் கேட்டாலும் நமக்குப் புரிகிறது. அடுத்து என்ன சொல் வரும் என்பதை நெடுநாள் பழக்கத்தால் மூளை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கத்தை உண்டாக்க வகுப்பறையை விட வானொலிச் செய்தி, கிரிக்கெட் வருணனை, தொடர்கள் ஆகியவை மிகவும் உதவுகின்றன. வருணனையில் எண்கள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால் அதற்கு எங்களிடம் தனி மதிப்பு உண்டு.

ஆனால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் பயன் குறைவு. எங்கள் பிள்ளைகள் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை முதலில் எழுத்து இல்லாமல் கேட்கிறார்கள். அடுத்து, திரையின் அடியில் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பின்னர் எழுத்தை நீக்கிவிட்டு, கேட்டதைத் தாளில் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்தை வைக்க வேண்டாம் என்கிறோம். டச்சு மொழி பேசுவோரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளுக்குக் காது பழக, ஆங்கில எழுத்து துணைசெய்தது. தாய்மொழி எழுத்தோ தடையாக இருந்தது. கண் தாய்மொழியைப் படித்துப் பொருளை அறிந்துகொண்டால், காது உழைக்க வேண்டியதில்லை அல்லவா!

மருத்துவமனைத் தொடர்களையும் பார்க்கிறார்கள். அவற்றிலிருந்து மொழியை மட்டும் கற்க வேண்டும், மருத்துவத்தை அன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதயம் நின்றவர்களுக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. திரையில் நால்வரில் மூவர் அந்நேரத்தில் பிழைத்துக்கொண்டனர். மெய்வாழ்வில் பிழைப்போர் அதைவிட மிகக் குறைவு. உறவினர் பலர் எங்களிடம் வரும்போது அந்தத் திரைக்கணக்கையே மனத்தில் கொண்டு வருகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இப்பயிற்சி பெற்ற சிலர், நலவாழ்வுப் பணியாளருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வை எழுதி வெளிநாடு செல்லக்கூடும். அத்தேர்வின் கேட்டல் பகுதியில் 42 வினாக்கள். ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். நன்கு தேர்ந்த செவிலியரை இழப்பது எங்களுக்கு வருத்தமே. ஆயினும் அதற்காகப் பயிற்சியை நிறுத்த மாட்டோம்; அவர் இங்கிருக்கும் நாளில் அந்தக் காது உங்கள் வீட்டுப் பெரியவருக்காக விழித்திருக்கிறது.

எவ்வளவு பழகிய காதும் தவறக்கூடும். அதனால்தான் திருப்பிப் படித்து உறுதிசெய்யும் முறையை உலகச் சுகாதார நிறுவனமும் 2007-இல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்பு வழிமுறைகளில் சேர்த்தது. செவிலியர் தொலைபேசியில் ஓர் அளவை இருமுறை சொல்வதைக் கேட்டு, "ஒரு தடவை சொன்னால் விளங்காதா?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடமும் மருந்து அளவைத் திருப்பிச் சொல்லும்படி கேட்போம். அதைச் சோதனையாகக் கருத வேண்டாம். நாங்கள் சொன்னது சரியாக வந்து சேர்ந்ததா என்பதையே அறிய விரும்புகிறோம்.

கடிதம் எழுதியவரின் கவலையில் ஒரு பகுதி சரியானது என்பதால் ஒரு மாற்றம் செய்துள்ளோம். பயிற்சி இனிப் பிற்பகல் 2 மணி முதல் 2.20 வரை மட்டுமே. ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் இல்லை. அப்போதும் ஒவ்வொரு தளத்தின் மேசையிலும் செவிலியர் இருப்பார். அழைப்பு மணிக்கு மூன்று நிமிடத்தில் யாரும் வரவில்லை என்றால், நேரத்தைக் குறித்து அதே பெட்டியில் எழுதிப் போடுங்கள்.