பாலூட்டலில் ஏற்படும் சிக்கல்கள்

பாலூட்டல் சிக்கல்கள் என்பவை, குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் தாய்ப்பால் கொடுப்பதில் தாய்க்கும் சேய்க்கும் உண்டாகும் இடர்ப்பாடுகள் ஆகும். காம்பு வெடிப்பு, பால்கட்டு, மார்பக அழற்சி, பால் போதவில்லை என்ற ஐயம் ஆகியவை இவற்றுள் பரவலாகக் காணப்படுபவை. பிறந்த 1 மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்கி, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. பல தாய்மார்கள் அதற்கு முன்பே நிறுத்திவிடுவதற்கு இச்சிக்கல்களும் ஒரு காரணம். பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

காம்பு வலியும் வெடிப்பும்

குழந்தை காம்பை மட்டும் கவ்விச் சப்புவதே இதற்கு முதன்மைக் காரணம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருப்பதும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருப்பதும், தாடை மார்பில் படிந்திருப்பதும் சரியாகப் பற்றியதன் அறிகுறிகள். வலி தொடர்ந்தால், சுத்தமான சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் பற்றச் செய்யலாம். பால் கொடுத்து முடித்ததும் சில துளிப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுவது நல்லது. சோப்புப் போட்டுக் கழுவுவது தோலை உலரச் செய்து வெடிப்பை மிகுவிக்கும்.

பால்கட்டு

பிறந்த 3 முதல் 5 நாட்களில் பால் பெருகும்போது மார்பு கனத்து, கல்போல இறுகி வலிக்கலாம். அப்போது பாலூட்டுவதை நிறுத்தினால் நிலைமை மோசமாகும். பால் கொடுக்கும் முன் சிறிது பாலைக் கையால் பீய்ச்சி எடுத்தால் கருவட்டம் இளகி, குழந்தை எளிதாகப் பற்றும். பால் கொடுத்தபின் குளிர்ந்த துணி ஒற்றடம் வீக்கத்தைத் தணிக்கும். தென்னிந்தியாவில் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. தொடர்ந்து பாலூட்ட விரும்புவோர் பால்கட்டுக்கு இதைச் செய்தால் சுரப்பு குறைந்துவிடக்கூடும்.

மார்பக அழற்சி

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அது அழற்சியாக இருக்கலாம். அந்தப் பக்கத்திலும் பால் கொடுக்கலாம். அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை. அழுத்தித் தேய்ப்பது திசுக்களைப் புண்படுத்தும். ஒரு நாளுக்குள் குறையாவிட்டால் மருத்துவரை நாட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சீழ்க்கட்டியாக மாறக்கூடும்.

பால் போதவில்லை என்ற ஐயம்

முதல் சில நாட்களில் மஞ்சள் நிறச் சீம்பால் சிறிதளவே சுரக்கும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். குழந்தை அழுவதைப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர், தேன், புட்டிப்பால் கொடுப்பது சில வீடுகளில் வழக்கம். இதனால் குழந்தை மார்பில் சப்புவது குறைகிறது, சப்புவது குறைந்தால் புரோலாக்டின் என்னும் சுரப்பைத் தூண்டும் இயக்குநீரும் குறைகிறது, பாலும் குறைகிறது. இவ்வாறு தவறான ஐயமே உண்மையான குறைபாடாகிவிடுகிறது. மேலும், 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரக்கூடும்.

நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டுவதே சுரப்பைக் கூட்டும் வழி. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால் பால் போதுமானது எனக் கொள்ளலாம். பிறந்தவுடன் எடை சற்றுக் குறைவது இயல்பு. 2 வாரங்களுக்குள் அது மீண்டுவிடும்.

வெளியே செல்லும் தாய்மார்

கையால் பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரமும் வைத்திருந்து, பாலாடை அல்லது சிறு கிண்ணத்தால் புகட்டலாம். தமிழ்நாட்டில் 2015 ஆம் ஆண்டு முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டுள்ளன.

மருத்துவ உதவி தேவைப்படும் நிலை

குழந்தை பால் குடிக்க எழாமல் உறங்கிக்கொண்டே இருத்தல், சிறுநீர் குறைதல், மஞ்சள் காமாலை கால்வரை பரவுதல், 2 வாரங்களாகியும் பிறப்பு எடையை எட்டாமை ஆகியவற்றுக்கு உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். தாய்க்குத் தீராத சோர்வும் அழுகையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அதற்கும் சிகிச்சை தேவை. இரவில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் வீட்டு வேலைகளைப் பகிரவும் கணவரும் வீட்டாரும் முன்வந்தால், தாய் ஓய்வெடுத்துப் பாலூட்டலைத் தொடர முடியும்.