ஈப்போவிலிருந்து கடலுக்கு: காரில்லாதவர் எப்படிப் போவது?

"தம்பி, பங்கோருக்குப் போற பஸ்ஸு காலையில எத்தன மணிக்கு?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஈப்போவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். லுமுட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். எல்லாம் காரில்தான். அந்த வாரம் கார் பட்டறையில் கிடந்தது. அம்மாவுக்கோ மாசி மகத்தன்று பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலில் நின்றே ஆக வேண்டும். அப்பா இருந்தபோது வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்தது.

"தோட்டத்துல இருந்தப்ப இந்தக் கேள்வியே வந்ததில்லையே" என்றார் அம்மா. உண்மைதான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். மாசி மகம் வந்தால் கோயில் கமிட்டி தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். தண்டல் போய்க் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார், தோட்டத்து லோரி வந்து லயத்துக்கு முன்னால் நிற்கும். விடியற்காலை மூன்று மணிக்குப் புளிச்சோற்று வாளியோடும் பால்குடத்தோடும் ஏறினால், விடிந்த கொஞ்ச நேரத்தில் லுமுட் கடற்கரை. அந்த லோரியை நான் புகழவில்லை. பின்புறம் பிடிக்க ஒரு கயிறுதான் இருக்கும். வளைவில் திரும்பும்போது பிள்ளைகளை நடுவில் உட்காரவைத்துப் பெரியவர்கள் சுற்றி நிற்பார்கள். ஆனால் கார் இல்லாத நூறு குடும்பங்களும் கடலைப் பார்த்தன.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. தோட்டத்து மக்கள் பட்டணத்து ஓரத் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வீடு கிடைத்தது, குழாய்த் தண்ணீர் கிடைத்தது. லோரி மட்டும் கூட வரவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளையிடம் கார் இருந்தால் கடல் உண்டு, இல்லையென்றால் இல்லை என்பதுதான் இன்று எத்தனையோ வீடுகளின் நிலை. எங்கள் வீட்டில் அதை அந்த ஒரு வாரத்தில்தான் உணர்ந்தோம்.

பேருந்திலேயே போவது என்று முடிவு செய்தோம். ஈப்போவின் வெளியூர்ப் பேருந்துகள் மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. நிலையம் நன்றாகத்தான் இருக்கிறது. குறை அதன் இடம். பழைய நகரத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் அது பத்து கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு. மேடான் கிட்டிலிருந்து நகரப் பேருந்து பிடித்து அங்கே போகலாம், அதற்குப் பொறுமை வேண்டும். நாங்கள் கிராப் காரில் போய்விட்டோம். பயணத்தின் முதல் செலவு அது. லுமுட் பேருந்துக்கு இன்னும் டிக்கெட்கூட வாங்கவில்லை.

சாலை அருமையான சாலை. கூட்டரசுச் சாலை லஹாட், பூசிங், சிபுத்தே, ஸ்ரீ இஸ்கண்டார் வழியாகப் போய்ப் போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்து, ஆயர் தாவார், சித்தியவான் தாண்டி லுமுட்டில் முடிகிறது. எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டோல் கிடையாது. காரில் ஒன்றரை மணி நேரம், பேருந்தில் அதைவிட அதிகம். ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் யூஐடிஎம் வளாகமும் இருப்பதால் பாதிப் பேருந்து மாணவர்கள். அவர்கள் இறங்கியதும் அம்மா சன்னல் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். போத்தா ஆற்றைத் தாண்டியதிலிருந்து சித்தியவான் வரை அவர் ஓயவே இல்லை. "இது கித்தாக் காடா இருந்துச்சு. அதோ, அந்த மேட்டுலயும் கித்தாதான்." எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பனை, செம்பனை, நடுவே ஒரு பெட்ரோல் நிலையம். காரில் போனபோது ஒருநாளும் அவர் இப்படிப் பேசியதில்லை. காரில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துவிட்டு வானொலியைத் திறந்துவிடுவது என் வழக்கம்.

லுமுட்டில் ஒரு பெரிய வசதி உண்டு. பேருந்து நிலையத்துக்கும் படகுத்துறைக்கும் சில நிமிட நடைதான். முட்டி வலிக்காரர்களும் நடக்கலாம். பங்கோருக்குப் படகில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், பிறகுதான் பங்கோர் பட்டணம். புதிதாகப் போகிறவர்கள் முதல் நிறுத்தத்திலேயே எல்லாரோடும் எழுந்துவிடுவார்கள். எங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே கேட்டுவைப்பது நல்லது. தீவுக்குள் இளஞ்சிவப்பு நிற வேன்கள்தாம் டாக்சி. தெலுக் மூருவில் மெரினா தீவு என்று இன்னொரு படகுத்துறையும் இருக்கிறது. அங்கிருந்து பங்கோர் பத்து நிமிடம்தான். கார் நிறுத்த இடமும் உண்டு. ஆனால் அது காரில் வருபவர்களுக்கு ஏற்றது. பேருந்தில் வந்தவர் அங்கே போக மறுபடி வண்டி பிடிக்க வேண்டும், மிச்சமான நேரம் அதிலேயே போய்விடும்.

கோயிலில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். நேர்த்திக்கடன் நிறைவேறியது. அம்மா முட்டிவரை கடலில் இறங்கி நின்று, முந்தானையைக் கையில் பிடித்தபடி யாரிடமோ ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போகவில்லை.

வினை திரும்பும்போதுதான். படகுக்கு நீண்ட வரிசை. லுமுட்டில் கால் வைத்தபோது இருட்டிவிட்டது. பேருந்து முகப்பிடம் பூட்டிக் கிடந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நேர அட்டவணைப்படி இன்னும் ஒரு பேருந்து உண்டு. அது பழைய அட்டவணை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். "கடைசி பஸ் போய் ரொம்ப நேரம் ஆச்சு, அக்கா" என்று அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. அங்கே எங்களைப்போல இன்னும் ஐந்தாறு பேர். எல்லாரும் அந்த அட்டவணையை நம்பியவர்கள். மேரு ராயாவுக்குப் போக வேண்டிய இரண்டு தொழிற்சாலைப் பெண்களோடு சேர்ந்து ஒரு காரை வாடகைக்குப் பிடித்தோம். நூறு வெள்ளிக்கு மேல் ஆனது. நாலு பேர் பங்கிட்டதால் தாங்க முடிந்தது. தனியாக வந்த மூதாட்டி ஒருவர் சித்தியவானில் உறவினர் வீடு இருப்பதாகச் சொல்லி அங்கேயே நின்றுவிட்டார். அவர் எப்படிப் போனாரோ என்று அம்மா வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. பேராக்கில் கடலுக்கு ரயில் விட்ட காலம் ஒன்று இருந்ததே!

மலாயாவின் முதல் ரயில் பாதையே கடலுக்குப் போன பாதைதான். 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு அது திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல், ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அன்று பேராக்கின் தலைநகரம் தைப்பிங், ஈப்போ அந்த இடத்தைப் பிடித்தது 1937இல்தான். தலைநகருக்கு அருகே ஒரு கடலோர ஊர், அதற்கு ஒரு ரயில். ஈயத்தைக் கப்பலேற்றத்தான் போட்டார்கள், நம்மைக் குளிக்க அழைத்துப் போக அல்ல. ஆனால் மனிதர்களும் ஏறினார்கள். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கும் பாதை போனது. இன்றைய தெலுக் இந்தான் அது.

போர்ட் வெல்ட் இப்போது கோலா செப்பெத்தாங். தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதப்பட்டு. அதைப் பார்க்கவாவது ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மணல் கடற்கரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், அங்கே இருப்பது சேறும் அலையாத்திக் காடும். மாத்தாங் காட்டையும் கரி சுடும் சூளைகளையும் பார்க்கலாம், மீன் சாப்பிடலாம். ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயிலில் தைப்பிங் போய், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்திலோ கிராப்பிலோ போகலாம். கார் இல்லாதவருக்கு, என் கணக்கில், லுமுட்டைவிட இது தலைவலி குறைந்த கடல்.

லுமுட்டுக்கு ரயில் வந்ததே இல்லை. தைப்பிங்கிலும் கிந்தாவிலும் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் லுமுட்டும் பங்கோரும் பேராக் அரசின் கையில் இல்லை. 1874 பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு டிண்டிங்ஸ் என்ற பெயரில் அவை நீரிணைக் குடியேற்றங்களோடு இருந்தன. பேராக்குக்குத் திரும்பி வந்தது 1935இல்தான்.

பங்கோருக்கு விடுமுறை எடுத்துவர நினைக்கும் கோலாலம்பூர் இளைஞர்கள் என்னிடம் கேட்பது வேறு: "ரயில்ல வந்து போகலாமா அண்ணே?" வரலாம். கேஎல் சென்ட்ரலிலிருந்து ஈப்போவுக்கு இடிஎஸ்ஸில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். 1917இல் கட்டி முடித்த, ஹப்பாக் வடிவமைத்த அந்த வெள்ளை நிலையத்தில் இறங்குவதே ஓர் இன்பம். வாசலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகுதான் தொல்லை. அமான்ஜெயா போக வேண்டும், லுமுட் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். ஈப்போவில் ஓர் இரவு தங்கி, வெள்ளைக் காப்பி குடித்து, மறுநாள் காலையில் லுமுட் போகிறவர்களுக்கே இந்த வழியைச் சொல்வேன். ஒரே மூச்சில் கடல் வேண்டும் என்றால் கோலாலம்பூரிலிருந்து லுமுட்டுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. விழா நாள்களில் அதற்கும் மேலே. காரில் வருபவர்கள் முன்பெல்லாம் பீடோரில் வெளியேறித் தெலுக் இந்தான் வழியாக வருவார்கள். மேற்குக்கரை விரைவுச்சாலையின் பேராக் பகுதிகள் 2019 முதல் ஒவ்வொன்றாகத் திறந்த பிறகு அந்தப் பக்கமும் ஒரு வழி கிடைத்திருக்கிறது. டோலுக்குக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்குப் போகாமல் அலையை மட்டும் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு லுமுட்டை அடுத்த தெலுக் பாத்தேக் போதும். ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் பேருந்தை நம்பிப் போகாதீர்கள், வாடகை வண்டிதான். திரும்பி வரும் வண்டியையும் அதே ஓட்டுநரிடம் பேசிவைத்துவிடுங்கள்.

நான் கற்றுக்கொண்டது முழுவதும் திரும்பி வருவதைப் பற்றியதுதான். போகும் பேருந்தின் நேரத்தை எல்லாரும் கேட்கிறோம். லுமுட்டில் இறங்கியவுடன், படகுத்துறைப் பக்கம் தலையைத் திருப்பும் முன், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரையே கேளுங்கள். கண்ணாடியில் ஒட்டியதை நம்பாதீர்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்துக்கொண்டு பங்கோரிலிருந்து படகேறுங்கள். மாசி மகம், பள்ளி விடுமுறை என்றால் இரண்டரை மணி நேரம். வயதானவர்கள் கூட இருந்தால் லுமுட்டிலேயே ஒரு மலிவான அறை எடுத்துத் தங்கிவிடுவது நாங்கள் கொடுத்த கார் வாடகைக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும்.

பயணிகளான நாம் எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. படகு இருட்டிய பிறகும் ஓடுகிறது, பேருந்து அதற்கு முன்பே தூங்கிவிடுகிறது. இரண்டு அட்டவணைகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லையா? ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மகத்தன்று மட்டுமாவது, கடைசிப் படகுக்குப் பிறகு இரண்டு பேருந்துகள் விடுவது மாநிலத்துக்குப் பெரிய செலவல்ல. தைப்பூசத்துக்குக் கூடுதல் ரயில் விடுகிற நாடு இது.

அதுவரை பழைய வழியைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். எங்கள் தாமானில் முன்னாள் தோட்டத்துக் குடும்பங்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. நாற்பது பேர் சேர்ந்தால் ஒரு பேருந்தையே முழுதாக வாடகைக்கு எடுக்கலாம். தலைக்கு விழும் காசைக் கணக்குப் பார்த்தேன். அமான்ஜெயா வரை கிராப், அங்கிருந்து பேருந்து, திரும்ப ஒரு கிராப் என்று தனித்தனியாகப் போவதைவிட அதிகம் வரவில்லை. வீட்டு வாசலிலேயே ஏறலாம், இருக்கை இருக்கும், கதவு இருக்கும். படகு தாமதமானாலும் பேருந்து காத்திருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டார். நேற்றுவரை முப்பத்தொரு பேர். முதல் பக்கத்தில், சித்தியவானில் நின்றுவிட்ட அந்த மூதாட்டிக்காக ஓர் இடம் பெயரில்லாமல் விடப்பட்டிருக்கிறது. "லுமுட்டுல பார்த்தா ஏத்திக்கலாம்ல?" என்கிறார்.