நெய்யூரில் தங்கிய மருத்துவர்

கடையநல்லூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதிலெனத் தோன்றும். அம்மலை தெற்கே சென்று தாழ்ந்து முடியும் நாட்டில், கல்குளம் வட்டத்தில், நெய்யூர் என்னும் ஊர் உள்ளது. கடையநல்லூரை அடுத்த செங்கோட்டையைப் போலவே அவ்வூரும் பண்டு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. இரண்டும் 1956 நவம்பர் 1ஆம் நாளன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்தன.

நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தார் 1838இல் மருத்துவத் தொண்டு தொடங்கினர். முதலில் வந்த இராம்சே என்னும் மருத்துவர் சில ஆண்டுகளில் நீங்கவே, பணியும் நின்றது. அவருக்குப்பின் வந்த லீச் என்பார் 1854இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த லோ என்பார் அவ்வூர்ப் பக்கத்து இளைஞர்க்கே மருத்துவம் பயிற்றினார். வந்தவர் போனால் மருந்தகம் மூடப்படும் என்னும் நிலை அதன்பின் மாறத் தொடங்கிற்று. சமயத்தைப் பரப்புதலும் அச்சங்கத்தாரின் நோக்கமே, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் நோயாளி எச்சமயத்தார் ஆயினும் மருத்துவம் பெற்றார்.

அங்கே வந்து தங்கியவருள் பெரும்புகழ் பெற்றவர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் என்பவர். அவர் 1890இல் இங்கிலாந்தில் கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். அறுவை மருத்துவம் கற்று, முதல் உலகப்போரில் படைமருத்துவராய்ப் பிரான்சு சென்றார். 1916 ஜூலைத் திங்களில் சோம் ஆற்றங்கரையில் பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்ற வீரர் மருத்துவக் கூடாரத்திற்கு வெளியே நிலம் முழுதும் கிடந்தனர். மருத்துவரோ மிகச் சிலர். எவனை முதலில் எடுப்பது, எவனை விடுவது? உயிர் பிரியும் அந்நேரத்தும் ஒருவனேனும், ‘என்னை முதலில் நோக்குக’ என்று கேட்டிலன். அக்காட்சி சோமர்வெல்லின் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. போர் என்பதையே அவர் வெறுத்தார்.

1922இல் எவரெஸ்டு முடியேறச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அம்முயற்சியில் பனிச்சரிவு வீழ்ந்து சுமையாளர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் இறக்கவில்லை. தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாகாதா என்று சோமர்வெல் நொந்தார். பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துத் தெற்கே நெய்யூரை அடைந்தார். அங்கே ஒரே ஓர் அறுவை மருத்துவர். அவரைச் சூழ்ந்து எண்ணற்ற நோயாளர். இலண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அங்கே அவர் இல்லாவிடின் மற்றொருவர் வருவார். நெய்யூருக்கு யார் வருவார்? அவர் நெய்யூரையே தேர்ந்தார்.

1924இல் மீண்டும் எவரெஸ்டு சென்றார். பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 28,000 அடி ஏறினார். இறங்கும்போது தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து மூச்சை அடைத்தது. முன்னே சென்ற நண்பர் நார்ட்டன் அதனை அறியார். பனியில் அமர்ந்த சோமர்வெல் இரு கையாலும் தம் மார்பை ஓங்கி அழுத்த, அடைப்பு வெளிவந்தது, உயிர் மீண்டது. உலகம் அவரை மலையேறியவர் என்றே பெரிதும் நினைக்கின்றது. அவ்வேற்றங்கள் சில திங்களில் முடிந்தவை. நெய்யூர்ப் பணியோ கால் நூற்றாண்டு நீண்டது.

அந்நாட்டில் முன்சிறுகுடற் புண் மிகுதி. உண்டபின் வயிறு எரியும். நாளடைவில் வழி சுருங்கி உணவு இறங்காது. இரைப்பையைப் புண்ணுக்குக் கீழேயுள்ள சிறுகுடற் பகுதியோடு இணைத்து, உணவு புண்ணைத் தீண்டாமற் செல்ல வழி அமைப்பதே அக்காலத்து அறுவை. அதனை அவர் மிகப் பலர்க்குச் செய்தார். வாய்ப்புற்று மற்றொரு கொடுநோய். வெற்றிலையோடு புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் வழக்கம் அதற்குப் பெருங்காரணம். அதற்கு ரேடியம் பயன்பட்டது. அதன் கதிர்கள் பெருகும் புற்றணுக்களை அழிக்கும்.

இத்தகைய தொண்டு கடலிலும் நடைபெறுகின்றது. ‘மெர்சி ஷிப்ஸ்’ என்னும் கிறித்தவ அமைப்பு 1978இல் தோன்றியது. அதன் மருத்துவக் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக் கணக்கில் நிற்கும். ‘குளோபல் மெர்சி’ என்னும் கப்பலில் அறுவைக் கூடங்களே ஆறு உண்டு. அங்கே மருத்துவரும் செவிலியரும் மட்டுமன்றிச் சமைப்போர், மாலுமி முதலியோரும் தொண்டராய்ச் சேர்கின்றனர். பலர் தம் உணவு, உறைவிடச் செலவைத் தாமே செலுத்துகின்றனர். கப்பல் ஒருநாள் நங்கூரம் எடுக்கும். நோய் கரையிலேயே இருக்கும். ஆதலின் அவர்களும், லோ செய்தது போலவே, அந்நாட்டு மருத்துவர்க்குப் பயிற்சி தருகின்றனர்.

சோமர்வெல் 1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். பின்பு தாய்நாடு திரும்பி 1975இல் காலமானார். நெய்யூரில் அம்மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் நடந்துவருகின்றது. புற்றுநோய் மருத்துவமும் அவ்வூரில் தொடர்கின்றது.